காதுக்குப் பின்னால் ஒரு பச்சை விளக்கு

விமானம் மறுபடியும் தாமதம் என்று பலகையில் எழுத்து மாறியபோது வினோதினி யாரையும் திட்டவில்லை. திட்டினால் கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். அவள் உட்கார்ந்திருந்த வரிசையில் அத்தனை பேரின் காதுக்குப் பின்னாலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உடம்புகள் இருந்தன, ஆட்கள் இல்லை.

கம்பெனிக்காரர்கள் அதற்கு இடைத்துயில் என்று அழகாகப் பெயர் வைத்திருந்தார்கள். ஜனங்கள் 'ஆஃப் போடுறது' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சட்டைப் பொத்தான் அளவில் ஒன்றைக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும். செக்யூரிட்டி தாண்டியதும் ஓர் அழுத்து. அறிவு அணைந்துவிடும், உடம்பு பழக்கத்தில் ஓடும். நடக்கும், சாப்பிடும், பாத்ரூம் போகும், யாராவது பேச்சுக் கொடுத்தால் வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொல்லும். போர்டிங் ஆரம்பித்ததும் பொத்தானே ஆளை எழுப்பிவிடும். காத்திருப்பு என்ற தண்டனையிலிருந்து மனிதகுலத்துக்கு விடுதலை என்றார்கள். விடுதலையை ருசி பார்த்தவர்கள் பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில், பிள்ளைகளின் பள்ளி ஆண்டு விழாவில், மாமியார் வீட்டு விசேஷத்தில் எல்லாம் அழுத்த ஆரம்பித்தார்கள். 'நான் ஆஃப்ல இருந்தேன்' என்பது ஒரு சாக்காகவும் ஆனது. அப்படிச் சொன்னவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. துயிலில் சொன்ன சொல் சொன்னவரைக் கட்டுப்படுத்தாது என்று சட்டமே வந்துவிட்டது.

வினோதினி மட்டும் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். மனிதர்களை வேடிக்கை பார்ப்பது சம்பளத்தோடு சேர்ந்து வந்த பழக்கம், சம்பளம் நின்ற பிறகும் நிற்கவில்லை. ஆனால் அதுவல்ல நிஜமான காரணம். அந்தப் பொத்தான் அவள் குடும்பத்தில் செய்துவிட்டுப் போன வேலை அப்படி.

மதுரையில் விமானம் ஏறி, டொராண்டோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறாள். நடுவில் இந்தப் பாலைவன ஊரில் இறக்கிவிட்டிருந்தார்கள். முழங்கால் உட்கார்ந்தாலும் வலித்தது, நடந்தாலும் வலித்தது. எப்படியும் வலிக்கப் போகிறது, கடைகளையாவது பார்க்கலாம் என்று எழுந்தாள்.

வேடிக்கைக்குக் குறைச்சல் இல்லை. சென்ட் கடையில் பச்சை விளக்குப் பெண்கள் வரிசையாக நின்று, ஒரே மாதிரி மணிக்கட்டில் தடவி, ஒரே மாதிரி முகர்ந்து, ஒரே மாதிரி திருப்பி வைத்தார்கள். பேரீச்சம்பழக் கடையில் ஒரு குண்டு மனிதர் இலவச மாதிரியை எடுத்து வாயில் போட்டார், நாலடி நடந்தார், திரும்பி வந்து மறுபடியும் எடுத்தார். கழுத்துத் தலையணைக் கடையில் ஒரு வெள்ளைக்காரர் கழுத்தில் ஒரு தலையணையை மாட்டிக்கொண்டு இன்னொன்றுக்கு அட்டையை நீட்டினார். விற்பவனும் வெட்கமில்லாமல் வாங்கித் தேய்த்தான். ஆஃபில் இருப்பவர்கள் பேரம் பேச மாட்டார்கள், விமானநிலையத்துக் கடைகளுக்கு இது பொற்காலம்.

காபிக் கடை ஓரத்தில் ஒரு புதுமணத் தம்பதி. பெண்ணின் கையில் மருதாணி இன்னும் மங்கவில்லை, காதுக்குப் பின்னால் பச்சை. மாப்பிள்ளை விழித்திருந்து அவளிடம் தன் ஆபீஸ் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் சரியான இடங்களில் "ம்ம்" என்றாள், சரியான இடங்களில் சிரித்தாள். அவனுக்கு அதில் பெரிய குறை இருப்பதாகத் தெரியவில்லை. வினோதினிக்குத்தான் அலுப்பாக வந்தது.

கடைத்தெரு முடிகிற இடத்தில் 'திரும்பப் பெறுமிடம்' என்று ஒரு கவுண்டர். எழுந்தவர்கள் தங்கள் பையைத் திறந்து பார்த்து, இதை யார் வாங்கினது என்று விழித்து, பொருளைத் திருப்பிக் கொடுக்கிற இடம் அது. உள்ளே முக்காடு போட்ட ஒரு பெண் தமிழில் யாரிடமோ போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வினோதினியைப் பார்த்ததும் போனை வைத்தாள்.

"என்ன ஆன்ட்டி, முழிச்சிருக்கீங்க?"

"ஏன், கூடாதா?"

"கூடாதுன்னு இல்ல. இந்த மாதிரி சுத்திப் பாக்கறவங்களப் பாத்து ரொம்ப நாளாச்சு. உக்காருங்க, கால் வீங்கியிருக்கு."

பெயர் நூருல் ஃபாத்திமா, ஊர் காயல்பட்டினம். அரசாங்க வேலைக்குப் படித்து இங்கே வந்து மாட்டிக்கொண்டவள். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கொட்டித் தீர்த்தாள். திரும்பி வருகிற சாமான்களில் பாதி, வாங்கியவருக்கு வேண்டாதது. மீதி, வாங்கிக் கொடுக்க ஆள் இல்லாதது.

"ஒரு அங்கிள் இருக்காரு. ஒவ்வொரு தடவையும் அதே சென்ட். எழுந்ததும் பாட்டிலக் கையில வச்சுக்கிட்டு இங்க வந்து நிப்பாரு. சம்சாரம் மவுத்தாகி எத்தனையோ வருஷமாச்சு. அது கைக்குத் தெரியல பாவம். நான் எதுவும் பேசாம வாங்கி வச்சுக்குவேன்."

வினோதினி காலை மெல்ல நீட்டிக்கொண்டாள். "நடிக்கறவங்களும் உண்டா?" என்று பேச்சை மாற்றினாள். டிக்கெட் பரிசோதகரின் புத்தி.

"ஏன் இல்ல? பக்கத்து சீட்டுக்காரன் அறுப்பான்னு பயந்து பச்சை ஸ்டிக்கர ஒட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. எனக்குத் தெரிஞ்சுரும்."

"எப்படி?"

"பேச்சுக் கொடுத்துப் பாப்பேன். ஆஃப்ல இருக்கறவங்க எது கேட்டாலும் பதில் சொல்லுவாங்க. ஆனா அவங்களா எதையும் கேக்க மாட்டாங்க. என்ன விலை, எத்தனை மணி, எதுவும் வராது."

"சாப்பிட்டியான்னு கூடவா?"

"அது கூட வராது ஆன்ட்டி. கம்பெனிக்காரங்களுக்கே ஏன்னு புரியலையாம். மொத ரெண்டு மூணு வருஷம் இது யாருக்குமே தெரியாது, இப்ப ஊருக்கே தெரியும். கேள்வி கேக்கணும்னா உள்ள ஆள் வேணும்போல."

நல்ல கூத்து என்று வினோதினி சிரித்தாள். சிரித்தபடியே எதிரே இருந்த தைலக் கடைப் பக்கம் பார்த்தவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வலது தோளை இறக்கி, இடது காலைச் சற்று இழுத்து, ஓர் ஆள் கடைக்குள் நுழைந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. நடை நரைக்கவில்லை. சரவணப்பெருமாள், அவளுடைய ஒரே தம்பி. காதுக்குப் பின்னால் பச்சை.

ஏழு வருடமாக அவனோடு பேச்சு இல்லை. அருப்புக்கோட்டையில் அம்மா இறந்தபோது அவன் ஐரோப்பாவில் ஒரு துறைமுகத்தில் வேலையில் இருந்தான். செய்தி கேட்டுக் கிளம்பியவன் இதே விமானநிலையத்தில் மாட்டிக்கொண்டான். மணற்புயல், எந்த விமானமும் பறக்கவில்லை. ஊரில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போய், ஐஸ் பெட்டி வியர்த்தது. சித்தப்பாதான் சொன்னார்: "இனி வச்சிருக்க முடியாதும்மா. பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு எடுத்துரலாம்."

வினோதினி போன் போட்டாள். "பெருமாளு, அம்மாவ எடுத்துரட்டுமாடா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் ஏதோ அறிவிப்பு ஓடி முடிந்தது. பிறகு, "சரிக்கா. நீ பாத்துக்கோ" என்றான். மழையாக்கா என்றான். ஆமாடா, கொட்டுது என்றாள். லைன் போய்விட்டது.

சித்தப்பா மகனைக் கொள்ளி வைக்கச் சொன்னார்கள். எனக்கும்தான் அம்மா என்று வினோதினி தானே போய் வைத்தாள். ஊரில் யாரும் செய்யாத காரியம். மூன்றாம் நாள் வந்து இறங்கிய தம்பி, கூடத்தில் சொந்தக்காரர்கள் சூழ நின்று, "நான் ஆஃப்ல இருந்தேன். யாரு கேட்டாங்க, என்ன சொன்னேன், எனக்கு எதுவும் தெரியாது" என்றான். பொத்தான் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது, முதலில் வாங்கியவர்களில் அவனும் ஒருவன். அத்தனை பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். பெற்ற பிள்ளையை ஏமாற்றிவிட்டுத் தாய்க்குத் தீ வைத்தவள் என்று பெயரானது. எடுத்துரலாம் என்று சொன்ன சித்தப்பாவே முதலில் அவளுக்குப் பத்திரிகை வைப்பதை நிறுத்தினார். பிறகு ஒரு கல்யாணத்துக்கும் ஒரு சாவுக்கும் பிறந்த வீட்டிலிருந்து அவளுக்குத் தகவல் வரவில்லை.

அந்த ஏழு வருடமும் அவளை அரித்தது ஒரே சந்தேகம். அன்றைக்குப் போனில் பேசியது தம்பியா, தம்பியின் உடம்பா? தம்பி என்றால் அவன் பொய்யன். உடம்பு என்றால் அவள் பாவி. இரண்டில் ஒன்று தெரிந்தால் போதும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள்.

"தெரிஞ்சவங்களா ஆன்ட்டி?" என்றாள் ஃபாத்திமா. வினோதினி எழுந்து நடந்தாள்.

அவன் கடை கடையாக ஏறி இறங்கினான், அவள் பின்னாலேயே போனாள். கோடாலித் தைலம் வாங்கினான். சாக்லேட் வாங்கினான். பொம்மை ஒட்டகத்தை எடுத்து, தட்டிப் பார்த்து, வைத்துவிட்டான். கடைசியில் ஒரு பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு அவனுடைய கேட்டுக்கு எதிரில் போய் உட்கார்ந்தான். சென்னைக்குப் போகிற விமானம், ஊருக்குத்தான் போகிறான். வினோதினி பக்கத்தில் வந்து நின்றதும் நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"பெருமாளு."

"அக்கா" என்றான். கண் அவள் முகத்தின் மேல் இருந்தது. பார்வை இல்லை.

அவள் உட்கார்ந்தாள். அவன் பன்னைப் பிரித்து, மேல்தோலைப் பக்குவமாக உரித்து, பேப்பரில் வைத்து அவள் பக்கம் நகர்த்தினான். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். பன்னில் அவளுக்குத் தோல்தான் பிடிக்கும். ஏழு வருடச் சண்டை அவன் கைக்குத் தெரியவே தெரியாது. வினோதினி தோலில் ஒரு துண்டைப் பிய்த்துத் தின்றாள். காய்ந்துபோன பன், ஆனாலும் தின்றாள்.

பேசிப் பார்த்தாள். உடம்பு எப்படி இருக்கு என்றாள். "இருக்குக்கா" என்றான். பொண்டாட்டி, பிள்ளை? "நல்லா இருக்காங்க." நான் யாரு வீட்டுக்குப் போறேன் தெரியுமா? "சரிக்கா." மகளைப் பற்றி, முழங்காலைப் பற்றி, வீட்டு மாடியில் ஒழுகுவதைப் பற்றிச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். இத்தனை வருடத்தில் தன்னிடம் யாரும் இவ்வளவு பொறுமையாகக் கதை கேட்டதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. காபிக் கடை மாப்பிள்ளையைப் பார்த்து அலுத்துக்கொண்டதை நினைத்து வெட்கமாக இருந்தது.

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டாள். கேட்காமல் எழுந்துபோக அவளால் முடியவில்லை.

"பெருமாளு, அம்மாவ எடுத்துரட்டுமாடா?"

அவன் டீயை ஒரு வாய் குடித்தான்.

"சரிக்கா. நீ பாத்துக்கோ."

அதே குரல், அதே இழுப்பு. அம்மாவை எடுக்கட்டுமா என்றாலும் சரிக்கா, ஆட்டோ பிடிக்கட்டுமா என்றாலும் சரிக்கா. சின்ன வயதிலிருந்து அவளிடம் அவன் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன பதில் அது. ஆள் இல்லாமலே நாக்கு சொல்லும்.

அப்படியானால் அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாமல்தான் அம்மா சுடுகாட்டுக்குப் போயிருக்கிறாள். வினோதினி கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடம் இவனைப் பொய்யன் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள், பூஜை அறையில் நின்று எப்படியெல்லாம் சபித்திருப்பாள். அழுகை வந்தது, துடைக்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை, பார்க்கத்தான் யாரும் இல்லையே. இவன் எழுந்ததும் காலில் விழுந்தாலும் தகும், தம்பியாவது அக்காவாவது, என்று முடிவு செய்தாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள்.

ஒத்திகையில் அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். எப்பக்கா வந்தே? எங்கக்கா போறே? ஏன்க்கா மெலிஞ்சுட்டே? நிஜத்தில் பக்கத்தில் இருந்தவன் ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறாள், அழுதிருக்கிறாள், ஏன் என்றுகூட அவன் கேட்கவில்லை. ஃபாத்திமா சொன்னது சரிதான். சாப்பிட்டியா என்றுகூட வராதாம்.

வினோதினியின் கை பிசைவதை நிறுத்தியது.

மழையாக்கா.

அன்றைக்கு அவன் கேட்டான். சரிக்கா, நீ பாத்துக்கோ என்றது நாக்காக இருக்கலாம். மழையா என்று கேட்டது நாக்கு இல்லை. தூரத்தில் மாட்டிக்கொண்ட ஒருவன் சுடுகாட்டை நினைத்து, விறகை நினைத்து, அம்மாவை நினைத்துக் கேட்ட கேள்வி அது. அவன் விழித்திருந்தான்.

முதலில் வந்தது கோபம்தான். நல்ல கோபம், கன்னத்தில் ஒன்று விடலாம் என்கிற கோபம். ஏழு வருடம்! ஒரு சாக்கை எடுத்து மாட்டிக்கொண்டு அவளைத் தெருவில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். பன்னை உரித்துக் கொடுத்தால் ஆயிற்றா? இந்த வெற்று உடம்பை அடித்து என்ன பிரயோஜனம், எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தாள். அந்தக் காத்திருப்புக் கூடத்திலேயே அவள் ஒருத்திதான் நிஜமாகக் காத்திருந்தாள்.

போர்டிங் அறிவித்தார்கள். வரிசையாகப் பச்சை விளக்குகள் அணைந்தன. தோள்கள் தளர்ந்தன, கைகள் கண்களைக் கசக்கின, யாரோ கொட்டாவி விட்டார். பெருமாளின் காதுக்குப் பின்னாலும் விளக்கு போனது. மடியில் இருந்த பையை அவன் அந்நியமாகப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். இந்த முறை பார்வை இருந்தது.

திட்டுவதற்கு அவள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த முகத்தைப் பார்த்ததும் முன்னும் பின்னுமாகிவிட்டது. கிழவனாகியிருந்தான். அவனுக்கு எது வாயருகே இருந்ததோ அது வந்தது.

"ஊர்ல மழையாக்கா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. முகம் வெளுத்தது.

"சித்திரை மாசம்டா. எங்க மழை?" என்றாள் வினோதினி. "அன்னைக்கும் இதத்தான் கேட்டே" என்றாள்.

அவன் மறுக்கவில்லை. தைலப் பாட்டில்களைப் பைக்குள் தள்ளித் தள்ளி வைத்தான்.

"சித்தப்பா கேட்டாருக்கா. கொள்ளி வைக்க வேண்டியவன் நீ எப்படிடா சரின்னு சொன்னேன்னு, எல்லார் முன்னாடியும். வாயில அது வந்துருச்சு. ஆஃப்ல இருந்தேன்னு. ஒருத்தர் மறுபேச்சு பேசல. அப்புறம் மாத்திச் சொல்ல முடியல."

"ஏழு வருஷமாவா முடியல?"

"நீ கேட்டப்ப நான் அந்தா, அந்தத் தூண்கிட்ட நின்னேன்க்கா. முழிச்சுதான் நின்னேன். அதுக்கப்புறம் இந்த ஏர்போர்ட்ல மட்டும் என்னால முழிச்சிருக்க முடியல. இறங்குனதும் அழுத்திருவேன்."

வினோதினி தூணைப் பார்த்தாள். அதில் ஒரு வாட்ச் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. கன்னத்தில் விடுவதற்கு இதுதான் நேரம், ஆனால் கை தூக்க அவளுக்குத் தெம்பில்லை. மன்னித்துவிட்டாளா என்றால் அதுவும் இல்லை. அசதிதான் இருந்தது.

"நேரா சித்தப்பா வீட்டுக்குப் போ. போய்ச் சொல்லு."

"சரிக்கா..."

"நீ பாத்துக்கோன்னு மட்டும் சொன்னே, செருப்பு பிஞ்சிரும்."

அவன் சிரிக்கப் போய் அழுதான். முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, "என்னக்கா சொல்லணும்?" என்றான்.

"மழையான்னு கேட்டேன்னு சொல்லு."

"அவ்வளவு சொன்னாப் போதுமா?"

"போதும். அங்க எல்லாரும் ஆஃப் போடுறவங்கதான, புரிஞ்சுக்குவாங்க."

வரிசை நகர்ந்தது. அவன் பையைத் தோளில் மாட்டி, வலது தோளை இறக்கிக்கொண்டு போனான். கண்ணாடிக் கதவுக்குள் நுழையும் முன் திரும்பி நின்று என்னவோ கேட்டான். அறிவிப்புச் சத்தத்தில் அவளுக்குக் காதில் விழவில்லை. என்ன கேட்டிருந்தாலும் சரி, கேட்டானே என்று தலையை ஆட்டிவைத்துவிட்டு, பேப்பரில் மிச்சமிருந்த பன் தோலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.